உனக்கு முன்னால் பிறந்தவன் பெயர் என்ன?

"உனக்கு முன்னாடி பொறந்தவன் பேரு என்ன?" என்று ஈரல் வறுப்பவனிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார் ரிஃபாத். மிளகாய் தூக்கலாகப் போடவா, குறைக்கவா என்றுதான் அவன் கேட்டிருந்தான். கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி முழிக்கிறான். பின்னால் நிற்கும் துறைமுகத்து ஆட்கள், பசி வேளையில் இதென்ன வம்பு என்று முனகுகிறார்கள். தனக்கு முன்னால் ஓர் அக்கா, அவளுக்கும் முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்து போய்விட்டதாகச் சொல்வார்கள் என்கிறான் அவன். "அவன் பேரு உன் பேரு இல்லையே?" என்று விடாமல் கேட்கிறார். இல்லை சார், என்னுடையது தாத்தா பெயர் என்கிறான். "அப்ப நீ நீதான். மிளகாய தூக்கலாவே போடு" என்று ரொட்டியை வாங்கிக் கடித்துக்கொண்டு நடக்கிறார்.

இந்தக் கேள்வியை அவர் கேட்காத ஆள் அலெக்சாந்திரியாவில் மிச்சமில்லை. பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே கேட்டிருக்கிறார். டாக்சி ஓட்டுகிறவன், மின்கட்டணம் வாங்க வருகிறவன், பள்ளிவாசல் வாசலில் செருப்பு பார்க்கிறவன், ஒருவரும் தப்பவில்லை. என் மகள் கல்யாணத்தில் மேடையேறி மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டார். குலம் கோத்திரம் விசாரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சம்பந்தியம்மா ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போது அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாமா என்றிருந்தது எனக்கு. ஏன் கேட்கிறார் என்பது பின்னால்தான் புரிந்தது.

எங்கள் அலுவலகம் மீனத் அல்-பஸலில், கால்வாயைப் பார்த்த பழைய பஞ்சுக் கிடங்கின் மேல்மாடிகளில் இருக்கிறது. துறைமுகச் சுமைத்தொழிலாளர்களின் பென்ஷன் நிதி. நான் பதிவேட்டுப் பிரிவு. ரிஃபாத் ஆயுள் கணக்கர். இத்தனை வயதுள்ள சுமைக்காரர்கள் ஆயிரம் பேர் இருந்தால், ஒரு வருஷத்தில் அவர்களில் எத்தனை பேர் இருக்கமாட்டார்கள் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் அவர் வேலை. அந்தக் கணக்கு இல்லாவிட்டால், யாருக்கு எவ்வளவு பென்ஷன், எத்தனை காலம் என்று எதையும் முடிவு செய்ய முடியாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படியில் போவார்கள். தாழ்வாரத்தில் எதிரே வந்தால், ஆயுசு அல்லாஹ் கையில் என்று வாய்க்குள் முணுமுணுப்பார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. "அவன் கையில இருக்கறத நான் கேக்கலையே. போன வருஷம் எத்தன பேர எடுத்துக்கிட்டான்னு எண்ணிப் பாக்கறேன், அவ்வளவுதான்" என்பார்.

ஆள் ஒல்லி. ஆகஸ்டு வெயிலிலும் சட்டைக்கு மேல் கையில்லாத ஒரு கம்பளி மேலங்கி. பென்சிலை சவரப் பிளேடால்தான் சீவுவார். சீவலை ஊதித் தள்ளமாட்டார், கையில் வாரிக் குப்பைக்கூடையில் போடுவார். சாயங்காலம் ஆனால் உப்பில் ஊறிய திர்மிஸ் பருப்பு ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொண்டு, தோலைப் பிதுக்கிப் பிதுக்கித் தின்பார். மேஜை விளிம்பில் தோல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதைத் துடைப்பதற்குள் துப்புரவுக்காரிக்கும் அவருக்கும் தினம் ஒரு சண்டை.

செத்துப்போனார் என்ற சொல் அவர் வாயில் வராது. 'வெளியேறினார்' என்பார். கணக்கில் அப்படித்தான் எழுதுவார்களாம். உள்ளே இருப்பவர்கள், வெளியேறியவர்கள், இரண்டே வகை. எங்கள் காசாளரின் மாமனார் தவறியபோது துக்கம் விசாரிக்கப் போனவர், காசாளரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எந்த வயதில் வெளியேறினார் என்று உருக்கமாகக் கேட்டிருக்கிறார். "எங்க வீட்ல யாரும் அவர வெளியேத்தல, உஸ்தாத். அவராத்தான் போனாரு" என்றாராம் காசாளர். அந்தக் கதையை இன்னும் கீழ்மாடியில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கீழ்மாடியில் கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருஷமாகிறது. அது போட்டுத்தரும் வரைகோட்டை அவர் வாங்கி வைத்துக்கொள்வார், ஆனால் நம்பமாட்டார். சுவரில் ஆள் உயரத்துக்குக் கிராஃப் தாளை ஒட்டி வைத்துக்கொண்டு, அந்த வயதில் எத்தனை பேர் போனார்கள் என்று ஒவ்வொரு வயதுக்கும் ஒரு புள்ளி வைத்து, தானே கையால் கோடு இழுப்பார். புள்ளிகள் ஒழுங்காக நிற்காது. ஐம்பத்து மூன்று வயதுக்காரர்கள் ஒரு வருஷம் அதிகமாகப் போயிருப்பார்கள். ஐம்பத்து நான்கில் ஒருவரும் போயிருக்கமாட்டார்கள். எல்லாப் புள்ளியையும் தொட்டுப் போனால் கோடு குதிக்கும். ஒன்றையும் தொடாமல் போனால் பொய்யாகிவிடும். "கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க நடுவுல நடக்குற மாதிரி மேடம். ஒருத்தர் பக்கமா சாயவும் கூடாது, யாரையும் பாக்காத மாதிரி போகவும் கூடாது" என்று எனக்கு விளக்கினார். கோடு ஏற ஏற, போகிறவர்கள் அதிகம். நாடு முழுவதற்குமான கோடு நீலம். எங்கள் சுமைக்காரர்களின் கோடு சிவப்பு.

இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. வினையே அதில்தான் வந்தது.

மற்ற வேலைக்காரர்களுக்கு ஓய்வு அறுபதில். சுமைக்காரர்களுக்கு மட்டும் ஐம்பத்தைந்தில். முதுகில் மூட்டை சுமந்தவன் சீக்கிரம் தேய்ந்துபோவான் என்று யாரோ புண்ணியவான் அந்தக் காலத்தில் போட்டுக் கொடுத்த சலுகை. சென்ற வருஷம் புதிதாக வந்த தலைவர் கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கிராஃப் தாளுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். உங்கள் ஆட்களும் ஊரில் எல்லோரையும் போலத்தானே போகிறார்கள், பிறகு எதற்குத் தனிச் சலுகை என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தாளில் அப்படித்தான் இருந்தது. நான் தினமும் ஜன்னல் வழியே பார்க்கிற ஆட்கள், மாவு மூட்டையைக் கழுத்தோடு சேர்த்துத் தாங்கிப் பலகையில் ஏறுகிறவர்கள், ஐம்பதிலேயே படிக்கட்டைக் கண்டால் பயப்படுகிறவர்கள், அவர்கள் எப்படிப் பள்ளிக்கூட வாத்தியாரைப் போலவும் தபால்காரரைப் போலவும் வாழ்ந்து முடிக்கிறார்கள் என்று எனக்கும் விளங்கவில்லை.

ரிஃபாத்தின் கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தெற்கே சொஹாக் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வந்தவர்கள். அந்த நாளில் அங்கே கைக்குழந்தை இறந்தால், அதைப் பதிய நகரத்துக்கு யாரும் போவதில்லை. அடுத்த குழந்தை ஆணாகப் பிறந்தால், போன குழந்தையின் பிறப்புச் சான்றே இதற்கும் ஆகும். அலைச்சல் மிச்சம். அவனும் அந்தப் பெயரிலேயே வளர்ந்து, அந்தப் பெயரிலேயே மூட்டை தூக்க வருவான். காகிதத்தில் அவனுக்கு இரண்டு மூன்று வயது கூடுதல். உண்மையில் அறுபத்தொன்றில் போகிறவன், காகிதத்தில் அறுபத்து நான்கில் போவான். ஊரில் எல்லோரையும் போல வாழ்ந்ததாக ஆகிவிடும்.

அதனால்தான் வருஷக்கணக்காக ஒவ்வொரு சுமைக்காரனிடமும் அதே கேள்வி. உனக்கு முன்னால் பிறந்தவன் பெயர் என்ன? உடனே பதில் சொல்பவனை விட்டுவிடுவார். யார் பதில் சொல்லாமல் தரையைப் பார்க்கிறானோ, அவனுக்கு ஒரு வட்டம். பெயர் எழுதமாட்டார், வெறும் வட்டம். அந்த வட்டங்களை வைத்துக்கொண்டு வயதுகளைத் திருத்தினார். சிவப்புக் கோடு நீலத்தை விட்டு எழுந்து நின்றது. வாத்தியாருக்கு அறுபதில் என்ன ஆபத்தோ, அது சுமைக்காரனுக்கு ஐம்பத்தேழிலேயே வந்துவிடுகிறது என்று காட்டியது. சலுகை நியாயம்தான் என்று காட்டுவதற்கு அது ஒன்றே போதும் என்று நினைத்தார் பாவி மனிதர்.

தானும் அப்படி ஒரு வட்டம்தான் என்று ஒருநாள் திர்மிஸ் பருப்புக்கு நடுவே சொன்னார். அப்பா சுமைக்காரர். முதல் பிள்ளை ரிஃபாத் ஒன்றரை வயதில் போய்விட்டான். இரண்டாவது பிள்ளைக்கும் அதே காகிதம். "அந்தப் பேர எங்கம்மா வாயில நான் கேட்டதே இல்ல, மேடம். கடைசி வரைக்கும் 'டேய்'னுதான் கூப்பிட்டா. எனக்கு அது கோவமா இருக்கும். பின்னாடிதான் புரிஞ்சுது, அவளுக்கு அந்தப் பேர் வேற ஆளு" என்றார். இன்னும் கொஞ்சம் பருப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

இந்தக் கதையில் ஹரீதி வரவேண்டும். ரிஃபாத்தின் தங்கை கணவர். மாவு மூட்டை இறக்கும் கும்பலுக்கு மேஸ்திரி. மேஸ்திரி என்றாலும் ஆள் குறைந்தால் அவரும் முதுகைக் கொடுக்கவேண்டியதுதான். காகிதத்தில் ஐம்பத்து நான்கு. லிஃப்ட் அலுவலக ஆட்களுக்கு மட்டும் என்பதால், எங்கள் மாடிக்குப் படியேறி வந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவார். அந்தச் சத்தத்தை வைத்தே வருவது ஹரீதி என்று நாங்கள் டீ சொல்லிவிடுவோம். பனிக்காலம் கழிந்ததும் ஓய்வு. ஓய்வு பெற்று என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். மத்தியானம் வரைக்கும் தூங்கவேண்டும் அம்மா, ஒருவரும் எழுப்பக்கூடாது என்றார். வேறு திட்டம் ஒன்றும் அவரிடம் இல்லை.

சலுகையை எடுத்துவிடுவதா என்று முடிவு செய்ய நிர்வாகக் குழு கூடுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து தங்கை வீட்டில் சாப்பிட்ட கையோடு ரிஃபாத் பேச்சை எடுத்திருக்கிறார். ஹரீதியும் மூத்தவனின் காகிதத்தில் இருப்பவர்தான்; நிஜத்தில் ஐம்பத்தொன்று. குழு சாட்சி கேட்கும், நீ ஒருவன் வந்து சொன்னால் எல்லோருடைய ஐம்பத்தைந்தும் பிழைக்கும் என்று கெஞ்சியிருக்கிறார். ஹரீதி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "அந்தப் பேர்லதான் எனக்குக் கல்யாணம் ஆச்சு. அந்தப் பேர்லதான் புள்ளைங்க. அது என் பேரு இல்லன்னு நான் போய்ச் சொன்னா, உன் தங்கச்சி இத்தன வருஷமா யாரோட குடும்பம் நடத்தினா, மச்சான்?" என்றாராம். தங்கை பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாளாம்.

குழு கூடிய நாளில், பனிக்காலத் தொடக்கத்தில் வருஷந்தோறும் வரும் மக்னஸா புயல். கடல் சாலைக்கு ஏறிவிட்டது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் குறிப்பெடுக்க மூலையில் உட்கார்ந்திருந்தேன். ரிஃபாத் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து விரித்து, நன்றாகத்தான் சொன்னார். இவ்வளவு தெளிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு, உஸ்தாத். ஆனா இது காப்பிக்கடைப் பேச்சு. செத்த அண்ணன் காகிதத்துல வாழறவன் ஒருத்தன, ஒரே ஒருத்தன எனக்குக் காட்டுங்க. நம்பறேன்."

ரிஃபாத் தாளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேலங்கியில் துடைத்தார். வேண்டாம் மனிதா என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"நான் இருக்கேன்" என்றார்.

"நீங்க இருக்கறது தெரியுது. ஆளக் காட்டுங்கன்னு கேட்டேன்."

"ரிஃபாத் எனக்கு மூத்தவன். ஒன்றரை வயசுல வெளியேறிட்டான். எங்கப்பா போய்ச் சொல்லல. நான் பொறந்ததும் அதே காகிதத்த எனக்கு வச்சுக்கிட்டாரு."

நிதியின் சட்ட ஆலோசகர் ஷவ்கி பேனா மூடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை அவர். பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு போகிறவர்தான். சாவகாசமாகச் சொன்னார்:

"அப்படின்னா உஸ்தாத் சொல்றது நமக்கு நல்ல சேதி. ஐம்பத்தஞ்சுல ஓய்வுக்குப் போறதா நாம நெனைக்கிறவன், நெசத்துல ஐம்பத்திரண்டுலயே ஓய்வுக்குப் போறான். சலுகைக்கு மேல மூணு வருஷம் நாம ஏற்கெனவே கொடுத்துக்கிட்டுதான் இருக்கோம். நமக்கே தெரியாம."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜையைச் சுற்றித் தலைகள் ஆடின. ரிஃபாத் சுட்டுவிரலைத் தூக்கினார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி அனுமதி கேட்டார். "அது பாதிதான். அவங்க வெளியேறறதும் மூணு வருஷம் முன்னாடியே வருது. அதத்தான் இந்தக் கோடு... அவங்க செத்துப்போறாங்க, சார்" என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காற்றுச் சத்தத்தில் தலைவருக்கு அது கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. அவர் ஷவ்கியோடு பேசத் தொடங்கியிருந்தார்.

தீர்மானத்தை நான்தான் எழுதினேன், என் கையாலேயே. சுமைக்காரர்களுக்கும் இனி ஓய்வு அறுபதில். எல்லோருடைய வயதையும் மருத்துவர் பார்த்துச் சொல்லவேண்டும். காகிதத்து வயது, மருத்துவர் சொல்லும் வயது, இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. ரிஃபாத்தின் புதிய அட்டவணை கிடப்பில் போகிறது, ஏனென்றால் கையெழுத்துப் போட்டவரின் பெயரே நீதிமன்றத்தில் தீரவேண்டிய விஷயமாகிவிட்டது.

தாழ்வாரத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்களை யார் வாயைத் திறக்கச் சொன்னது, வீட்டில் சொல்லிக்கொள்கிற விஷயத்தை வக்கீலுக்கு முன்னால் கொட்டுவீர்களா என்று கேட்டேன். ஒரு ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டால் கோட்டை நம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன் மேடம் என்றார். கணக்கில் தப்பில்லை, வேண்டுமானால் இன்னொரு தடவை பார்க்கலாம் என்றும் சொன்னார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கழிப்பறைக்குள் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு கீழ்மாடி வாலிபர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. போனில் யாராவது ரிஃபாத்தைக் கேட்டால், எந்த ரிஃபாத், இருக்கிறவரா போனவரா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அவர் காதில் விழாத மாதிரி பென்சில் சீவுகிறார். நீதிமன்றத்துக்கு இரண்டு தடவை போய் வந்துவிட்டார். பாட்டன் காலத்து ஊர்த்தலைவர் யாராவது உயிரோடு இருந்தால் கூட்டிவரச் சொல்கிறார்களாம். சுமைக்காரர்கள் யாரும் அவர் அறைக்கு வருவதில்லை. படித்துறையில் அவரைக் கண்டால் எச்சிலைத் துப்புகிறவர்களும் உண்டு. அவர் எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்பது அவர்கள் பேச்சு. அப்படி இல்லை என்று ஒவ்வொருவனாகப் பிடித்துச் சொல்ல எனக்கு வாய் போதவில்லை.

சென்ற வாரம் படிக்கட்டில் அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். அடி விழப்போகிறது என்று பயந்து நானும் ரிஃபாத்தின் அறைக்குள் போய் நின்றுகொண்டேன். ஹரீதி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமாக இல்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மூச்சு அடங்கும் வரை கையை நெஞ்சில் வைத்திருந்தார். டீயைத் தொடவில்லை.

"டாக்டருகிட்டப் போனேன் மச்சான். கழுதச் சந்தையில பாக்குற மாதிரி வாயத் தொறக்கச் சொன்னான். பல்லப் பாத்தான், முட்டியப் பாத்தான், ஐம்பத்தெட்டுன்னு எழுதிட்டான்." சிரித்தார்; சிரிப்பு இருமலாயிற்று. "காகிதத்துல ஐம்பத்து நாலு. ரெண்டுல கொறச்சதுதானாமே. இன்னும் ஆறு வருஷம் தூக்கணுமாம்."

மாப்ளே என்று ரிஃபாத் ஆரம்பித்தார், அதோடு நின்றுபோனது. கை பென்சிலைத் தேடியது. ஹரீதி சுவரில் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தக் கட்டடத்தில் இத்தனை வருஷத்தில் ஒருவரும் ரிஃபாத்திடம் கேட்கத் துணியாததைக் கேட்டார்.

"எனக்குப் படிப்பு கெடையாது. அந்தச் செவப்புக் கோடு எங்க ஆளுங்களோடதுன்னு மட்டும் தெரியும். அதப் பாத்துச் சொல்லு மச்சான். நான் அறுவதத் தொடுவேனா?"

ரிஃபாத் எழுந்து சுவரிடம் போனார். காட்டப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, சிவப்புக் கோடு ஏறத் தொடங்கும் இடத்தில் தாளோடு அழுத்தி வைத்து அதை மூடிக்கொண்டார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை.